சுவரில் ஏறிய இசைத்தட்டு

1980களில் பிரிட்டனில் இருந்த ஹை-ஃபை கடைகளில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் எல்லாவற்றோடும் ஒரு வித்தியாசமான சாமானும் விற்பனைக்கு இருந்தது. இரும்புக் குழாயை வெல்டிங் செய்து ஒரு சட்டம், அதன் மேல் ஒரு பலகை, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், வயர் வேண்டாம். சுவரில் துளை போட்டு, திருகாணி முடுக்கி, அதன் மேல் டர்ன்டேபிளைத் தூக்கி வைத்துவிட வேண்டும். டார்கெட் என்ற கம்பெனியின் 'டிடி1' அந்த வகையில் பேர் போன ஒன்று. இதை வாங்கி மாட்டியவர்கள் "பாட்டே மாறிப் போச்சு" என்றார்கள். பேஸ் தெளிவாகக் கேட்கிறது, முள் குதிப்பதில்லை என்றார்கள்.

ஒரு அலமாரிப் பலகை எப்படிப் பாட்டை மாற்றும்? பித்தலாட்டம் போலத்தான் தெரியும். ஹை-ஃபை உலகில் பித்தலாட்டத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் இந்தப் பலகை விஷயம் அந்த ரகம் இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையில் பாதி இசைத்தட்டுடையது, மீதிப் பாதி வீட்டுத் தரையுடையது.

முதலில் தரை. நம்மூர் ஆட்களுக்கு இந்தப் பிரச்சினையே புரியாது. இங்கே தரை என்றால் சிமெண்ட், மொசைக், டைல்ஸ். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினாலும் தரை அசையாது. பிரிட்டனில் விக்டோரியா ராணி காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய லட்சக்கணக்கான வீடுகள் அப்படி இல்லை. சுவருக்குச் சுவர் மர உத்திரங்களைப் போட்டு, அதன் மேல் பலகைகளை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். மாடி மட்டுமல்ல, கீழ்த்தளமும் இதே மாதிரிதான். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே காலி இடம். ஈரம் தங்காமல் காற்று ஓடுவதற்காக வெளிச்சுவரில் ஓட்டை போட்ட செங்கல்கள் இருக்கும். குளிர்நாட்டுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாராவது குறுக்கே நடந்தால் தரை லேசாக வளைந்து நிமிரும். ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுக்கும். அந்த அறையின் மூலையில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தால் அதுவும் கூடவே குலுங்கும்.

ஆனால் இதே தரையில்தான் பாட்டன் காலத்து கிராமபோனும் பாடியது. அது குதிக்கவில்லையே, ஏன்?

எடிசன் 1877ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அது உருளை. 1887ல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வந்தார். பெர்லினரின் தட்டில் முள் பக்கவாட்டில், இடமும் வலமுமாக ஆடும். இந்த 'பக்கவாட்டு' என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும். சாவி கொடுக்கிற அந்தக் கால கிராமபோனில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. முள்ளின் அசைவே ஒரு சவ்வை அதிர வைத்து, புனல் வழியாக வெளியே வரும். அதனால் முள் இருக்கும் தலைப் பகுதி 100 கிராமுக்கு மேல் கனத்தோடு தட்டை அழுத்திக்கொண்டு இருந்தது. இரும்பு முள், அரக்கால் செய்த தட்டு, அகலமான பள்ளம். ஒரு பக்கம் பாடி முடித்தால் முள்ளையே மாற்ற வேண்டும், அவ்வளவு தேய்மானம். இப்படி உழுதுகொண்டு போகிற முள்ளை ஒருவர் நடந்துபோவதா கிளப்பிவிடும்?

மாற்றம் 1948ல் வந்தது. அந்த வருடம் ஜூன் மாதம் கொலம்பியா கம்பெனி நியூயார்க்கில் எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் பாட்டு. பழைய 78 சுற்றுத் தட்டில் நாலைந்து நிமிடம்தான். இந்தக் கூடுதல் நேரம் சும்மா வரவில்லை. பள்ளத்தை மிக மெல்லியதாக்கி நெருக்கி நெருக்கி வெட்டினார்கள். பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமனுக்கு வந்துவிட்டது. தட்டும் அரக்கிலிருந்து வினைலுக்கு மாறியது. மென்மையான வினைலில் கனமான முள் ஓடினால் இரண்டாவது தடவை கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே முள்ளின் அழுத்தம் சில கிராமாகக் குறைந்தது. பின்னால் வந்த நல்ல கார்ட்ரிட்ஜ்களில் அது 2 கிராமுக்குக் கீழே போனது. நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் ஏறக்குறைய பாதி! தேய்மானம் குறைந்தது, சுத்தமான ஒலி கிடைத்தது. ஆனால் முள்ளைப் பள்ளத்தில் பிடித்து வைத்திருந்த கனம் போய்விட்டது.

இந்தக் கனத்தின் அருமை கொலம்பியாவின் சொந்த ஆட்களுக்கே கொஞ்ச நாளில் தெரிந்தது. எல்பி உருவாக்கத்தில் பெரிய பங்கு வகித்த பீட்டர் கோல்ட்மார்க், காருக்குள் இசைத்தட்டு வைக்க ஆசைப்பட்டார். 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் 'ஹைவே ஹை-ஃபை' என்ற பெயரில் அது வந்தது. 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 16⅔ சுற்று. ஓடுகிற காரில் முள் குதிக்காமல் இருக்க அவர்கள் கண்ட முக்கியமான வழி என்ன தெரியுமா? முள்ளைக் கூடுதல் கனத்தோடு அழுத்துவது! அதாவது பாட்டன் வைத்தியம். சில வருடங்களில் அந்தத் திட்டம் ஊற்றிக்கொண்டது. காருக்கென்றே தனியாகத் தட்டு வாங்க வேண்டும், அதுவும் கொலம்பியா போடுகிற தட்டுதான் கிடைக்கும் என்றால் யார் வாங்குவார்கள்?

எல்பியில் இன்னொரு சங்கதியும் உண்டு. பேஸ் ஒலியை உள்ளபடியே தட்டில் வெட்டினால் பள்ளம் மிக அகலமாக ஆடும், பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் பதிவு செய்யும்போது பேஸைக் குறைத்து வெட்டிவிட்டு, கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரில் அதே அளவு கூட்டிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்த கம்பெனிகள் 1954 வாக்கில் ஆர்ஐஏஏ என்ற ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கணக்குப்படி 20 ஹெர்ட்ஸ் ஒலி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை விடச் சுமார் 10 மடங்கு பெரிதாக்கப்படுகிறது. பாட்டுக்கு இது நியாயம்தான், குறைத்ததைத்தானே கூட்டுகிறோம். ஆனால் தரையிலிருந்து ஏறி வருகிற அதிர்வு தட்டில் வெட்டப்பட்டது இல்லையே, அதை யாரும் குறைக்கவில்லை. நேராக முள்ளுக்கு வருகிறது, 10 மடங்கு பெரிதாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. பாட்டு எதுவும் இல்லாத இடத்தில் கூட ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் ஆடுவதை எல்பி கேட்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலிக்காக ஆம்ப்ளிஃபையர் வீணாக உழைப்பதுதான் அந்த ஆட்டம்.

அடுத்து ஸ்டீரியோ. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1931லேயே இதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். கடைக்கு வந்தது 1957-58ல்தான். ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில், 45 டிகிரி சாய்வில், இடது வலது என இரண்டு ஒலிகள். அப்படியென்றால் முள் இப்போது பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் ஆட வேண்டும்.

ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். மோனோ காலத்தில் முள் பக்கவாட்டு அசைவை மட்டுமே ஒலியாக மாற்றியது. ஒருவர் நடக்கும்போது தரை எந்தப் பக்கம் அசைகிறது? மேலும் கீழும்! மோனோ கார்ட்ரிட்ஜ் அந்த அசைவில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளாது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதைப் பாட்டு என்றே நினைத்துக்கொள்ளும். ஸ்டீரியோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இசைக்கு வந்த ஆழம், அகலம் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மரத் தரை முதன்முதலாக வாய் திறந்ததும் அன்றைக்குத்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எஞ்சினியர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்று ஒருவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் வகுப்பு எடுத்தவர். அந்த வகுப்பில் படித்த ஹென்றி கிளாஸோடு சேர்ந்து 1954ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' கம்பெனியைத் தொடங்கி, சின்னப் பெட்டியில் பெரிய பேஸ் தரும் ஸ்பீக்கரைச் செய்து பெயர் வாங்கியவர். 1961ல் அவருடைய டர்ன்டேபிள் வந்தது. அதுவரை பெரிய தலைவலி மோட்டாரின் சொந்த அதிர்வுதான். மோட்டாரையும் தட்டையும் ரப்பர் சக்கரத்தால் இணைப்பது அன்றைய வழக்கம், மோட்டாரின் உறுமல் அப்படியே தட்டுக்கு வந்துவிடும். வில்ச்சர் இரண்டு வேலை செய்தார். ரப்பர் சக்கரத்துக்குப் பதில் மெல்லிய பெல்ட் போட்டார். அப்புறம், சுழல்தட்டையும் முள் இருக்கும் கையையும் ஒரே உலோகச் சட்டத்தில் பிணைத்து, அந்தச் சட்டத்தை மட்டும் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டார் வெளிப்பெட்டியோடு நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அழகான தர்க்கம். முள்ளும் தட்டும் ஒன்றுக்கொன்று அசையாமல் இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்து ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும். பாட்டு ஓடும்போதே பெட்டியைச் சுத்தியலால் தட்டிக் காட்டுவார்கள், முள் அசையாது! விலை 58 டாலர், கையும் சேர்த்து. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு போட்டி போட்டது. ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் கம்பெனி 1965ல் இதே வழியில் 'டிடி 150' செய்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1970களின் தொடக்கத்தில் ஐவர் டீஃபன்பிரன் 'லின் சோண்டெக் எல்பி12' கொண்டுவந்தார். மூன்றும் ஸ்பிரிங் வம்சம்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த ஸ்பிரிங் கருவி விக்டோரியா காலத்து வீட்டுக்குள் வந்ததும் கதை தலைகீழானது. சுத்தியலால் தட்டினால் அசையாத முள், பூனை மாதிரி நடந்து வந்தாலும் குதித்தது!

இதைப் புரிந்துகொள்ள ஊஞ்சல் போதும். ஊஞ்சலுக்கு என்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் சுண்டு விரலால் தள்ளினாலும் ஏறிக்கொண்டே போகும். அதைவிட மிக வேகமாகப் படபடவென்று தட்டினால் ஊஞ்சல் அசையவே அசையாது. ஸ்பிரிங்கில் தொங்கும் டர்ன்டேபிளும் ஒரு ஊஞ்சல்தான். அதன் தாளம் பொதுவாக நொடிக்கு 3 முதல் 5 ஆட்டம். மோட்டார் உறுமல், சுத்தியல் தட்டு எல்லாம் அதைவிட மிக வேகமான அதிர்வுகள், அதனால் ஸ்பிரிங் அவற்றை விழுங்கிவிடுகிறது. மனிதன் நடப்பதோ நொடிக்குச் சுமார் 2 அடி. அது ஊஞ்சலின் தாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்பிரிங் அதைத் தடுக்காது, சில சமயம் கூட்டியும் விடும்.

இத்தோடு விடவில்லை. முள் இருக்கும் கைக்கும் ஒரு தாளம் உண்டு. கையின் எடையும் முள்ளைத் தாங்கும் சிறு ரப்பரின் நெகிழ்ச்சியும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதுதான் நல்லது என்பது பொதுவான விதி. காரணம், அதற்குக் கீழே தட்டின் வளைவு நெளிவால் வரும் ஆட்டம் இருக்கிறது, மேலே 20 ஹெர்ட்ஸில் பாட்டு தொடங்கிவிடுகிறது. நடுவில் உள்ள சந்தில் கையை உட்கார வைக்கிறார்கள். சரி, மரத் தரையின் தாளம் எவ்வளவு? இன்றைய ஐரோப்பியக் கட்டட விதி, 8 ஹெர்ட்ஸும் அதற்குக் குறைவாகவும் அதிரும் வீட்டு மரத் தரைகளைத் தனியாக ஆராயச் சொல்கிறது. அதாவது சாதாரண மரத் தரைகள் இந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்கின்றன. காலடி, தரை, ஸ்பிரிங், கை... நாலு ஊஞ்சல்களும் கிட்டத்தட்ட ஒரே தாளத்தில்! யாரோ சதி செய்தது போல. உண்மையில் சதி எதுவும் இல்லை. டர்ன்டேபிள் செய்தவர் வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை, வீட்டைக் கட்டியவருக்கு டர்ன்டேபிள் என்றால் என்னவென்றே தெரியாது.

இங்கேதான் சுவர் உள்ளே வருகிறது. அதற்கு முன் ஒரு சின்னக் கிளைக்கதை, ஏனென்றால் நுட்பமான கருவியைத் தரையிலிருந்து பிரித்து வைப்பது ஹை-ஃபைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை.

1881ல் ஆல்பர்ட் மைக்கெல்சன் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி பெர்லினில் ஒளியின் வேகம் சம்பந்தமான ஒரு சோதனை செய்யப் பார்த்தார். தெரு வண்டிகளின் அதிர்வில் கருவி நடுங்கியது. நடுராத்திரி கடந்தும் முயன்று பார்த்து முடியாமல், போட்ஸ்டாம் வான் ஆய்வகத்துக்குப் போனார். அங்கேயும் சுமார் 100 மீட்டர் தள்ளி யாராவது காலால் தரையை உதைத்தால் கருவியில் காட்சி கலைந்துவிடும். அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? டெலிஃபோன் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். அதே காலத்தில் பெல்லின் ஆய்வகத்தில் எடிசனின் ஃபோனோகிராஃபை மேம்படுத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தது! 1887ல் கிளீவ்லாந்தில் மைக்கெல்சனும் மார்லியும் கருவியைக் கனமான கல்லில் பொருத்தி அதைப் பாதரசத்தில் மிதக்க விட்டார்கள். 1895ல் டச்சு விஞ்ஞானி ஜூலியஸ், கால்வனாமீட்டரை மூன்று கம்பிகளில் தொங்கவிடும் முறையை வெளியிட்டார். மற்ற ஆய்வகங்களில் கருவியைச் சுவரில் பதித்த கல் பலகையில் வைப்பது வழக்கமானது. நம் கல்லூரிகளிலும் பல வேதியியல் ஆய்வகங்களில் தராசு, மேஜையில் இல்லாமல் சுவரோடு பதித்த கல்லில்தான் உட்கார்ந்திருக்கும். பி.எஸ்சி. நண்பர்கள் போய்ப் பார்க்கலாம். கிளைக்கதை முடிந்தது.

சுவர் ஏன் அசைவதில்லை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 அங்குலத் தடிமன், 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஒரு செங்கல் சுவரின் எடை 4 டன்னுக்கு மேல் வரும். காலடியின் விசையோ கீழ்நோக்கிப் போகிறது. தரைப் பலகை அந்த விசையில் வளையும், ஏனென்றால் அது இரண்டு முனையில் தாங்கப்பட்ட மெல்லிய பாலம். சுவரின் நிலைமை வேறு. அதன் நீளவாக்கில் அமுக்கினால் செங்கலும் காரையும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. உத்திரத்தின் முனை சுவரில் உட்கார்ந்திருந்தால் கூட, முனையில் ஆட்டம் மிகக் குறைவு, எல்லா ஆட்டமும் அறையின் நடுவில்தான். ஆக, டர்ன்டேபிளைத் தரையிலிருந்து ஒரு அடி கூட நகர்த்தாமல், அதே மூலையில் சுவரில் மாட்டினாலே காலடித் தொல்லையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஸ்பிரிங்குக்கும் இப்போது தனக்குத் தெரிந்த வேலை மட்டும்தான் மிச்சம்.

இதில் ஒரு பொருளாதாரப் பாடமும் ஒளிந்திருக்கிறது. பாட்டு சரியில்லை என்று கடைக்குப் போனால் கடைக்காரர் என்ன சொல்வார்? அடுத்த மாடல் கார்ட்ரிட்ஜ், அடுத்த மாடல் ஆம்ப்ளிஃபையர். அவை எல்லாம் பெரிய லாபம். ஆனால் முள்ளுக்கு வரும் அதிர்வை எந்த ஆம்ப்ளிஃபையராலும் பாட்டிலிருந்து பிரித்து எடுக்க முடியாது, நல்ல ஆம்ப்ளிஃபையர் அதை இன்னும் நன்றாகக் காட்டும். மிக மட்டமான செலவில் ஆகிற வேலை, மிக விலையுயர்ந்த கருவி செய்ய முடியாததைச் செய்துவிடுகிறது. 1976ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஆம்ப்ளிஃபையரிலேயே வெட்டிவிடும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை நிறையக் கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளவில்லை, பேஸும் சேர்ந்து குறைகிறது என்றார்கள். ஆணையம் செய்ய முடியாததை ஆறு திருகாணி செய்தது எனலாம்.

திருகாணி என்றதும் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பழைய காலத்தில் செங்கல் சுவரில் ஒன்றை மாட்ட வேண்டுமென்றால் உளியால் பெரிய ஓட்டை போட்டு, மரக்கட்டை அடித்து, அதில் ஆணி இறக்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின் விளக்கு மாட்டும் வேலை வந்தபோது, சுவரைச் சிதைக்காமல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேலைக்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற காண்ட்ராக்டர் 1911 வாக்கில் ஒரு சின்னக் குழாய் செய்தார். சணல் நாரை மிருக ரத்தத்தால் ஒட்டிச் செய்தது! திருகாணி உள்ளே போகப் போக விரிந்து ஓட்டையைக் கவ்விக்கொள்ளும். அதுதான் ராவல் பிளக். நம்மூர் எலக்ட்ரீஷியன் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார், அது ஒரு ஆளின் பெயர் என்று தெரியாமலே. 20 கிலோ பாரத்தைச் சுவரில் நம்பித் தொங்கவிடும் தைரியம் சாதாரண வீட்டுக்காரருக்கு வந்தது இந்தச் சின்னக் குழாயால்தான்.

எல்லோரும் சுவருக்கு ஓடிவிடவில்லை. இங்கிலாந்தின் ரீகா கம்பெனி (1973) ஸ்பிரிங்கே வேண்டாம் என்றது. இலேசான, விறைப்பான பலகை, கண்ணாடிச் சுழல்தட்டு, ரப்பர் கால். ஸ்பிரிங் இல்லாததால் காலடிக்கு ஊஞ்சல் ஆடாது, ஆனால் அடியில் வருகிற அதிர்வு எல்லாம் நேராக மேலே ஏறும். ஆகவே அவர்களும் தங்கள் டர்ன்டேபிளுக்கென்றே ஒரு சுவர்த்தாங்கி விற்றார்கள், விற்கிறார்கள். எதிரெதிர் கொள்கைக்காரர்கள் இருவரும் கடைசியில் ஒரே சுவரில் போய் நின்றது வேடிக்கைதான்.

ஜப்பானின் டெக்னிக்ஸ் வழி வேறு. 1979ல் வந்த 'எஸ்எல்-1200 எம்கே2' கனமான அடிப்பகுதியோடு வந்தது. வீட்டுக்கென்று தொடங்கிய அந்த வரிசை, நடன விடுதி டிஜேக்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அங்கே காலடியை விடப் பெரிய எதிரி ஸ்பீக்கர். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் 'குய்ய்ய்ங்' என்று கத்துமே, அதே சுழற்சிதான். ஸ்பீக்கரின் பேஸ் மேடையை ஆட்டும், மேடை முள்ளை ஆட்டும், முள் மறுபடி ஸ்பீக்கரை ஆட்டும். அடிவயிற்றைக் கலக்கும் ஒரு ஊளை கிளம்பும். டிஜேக்கள் கனமான கான்கிரீட் பலகையை ரப்பர் மேல் வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை வைத்துச் சமாளித்தார்கள். ஆடுகிற நூறு பேருக்கு நடுவில் சுவரைத் தேடிப் போக முடியாதல்லவா?

சுவரும் மந்திரக்கோல் இல்லை என்பதை மாட்டிப் பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். அறையின் மூலையில் பேஸ் ஒலி குவியும், அங்கே மாட்டினால் காலடி போய் ஊளை வரும். ஸ்பீக்கர்களுக்கு நேர் பின்னால் மாட்டினாலும் இதே கதி. பலகை கனமாக இருந்தால் நல்லது என்று கருங்கல் வைத்தவர்களும் உண்டு, இலேசாக இருந்தால்தான் நல்லது என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு கவலை: ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி வந்தது. லேசர் ஒளிக்கு அழுத்தமும் இல்லை, தொடுதலும் இல்லை. அதிர்வில் கொஞ்சம் தடுமாறினாலும் தானே சரிசெய்துகொள்ளும். பத்து வருடத்தில் எல்பி ஓரங்கட்டப்பட்டது. சுவரில் இருந்த தாங்கிகளில் டிவி பெட்டியும் பூந்தொட்டியும் ஏறின. டெக்னிக்ஸ் 1200 வரிசையை 2010ல் நிறுத்தியேவிட்டார்கள்.

ஆனால் எல்பி சாகவில்லை. 2008 முதல் வருடா வருடம் 'ரெக்கார்ட் ஸ்டோர் டே' கொண்டாடுகிறார்கள். டெக்னிக்ஸ் 2016ல் 1200ஐத் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2020ல் வினைல் விற்பனைத் தொகை சிடியை முந்தியது, 1986க்குப் பிறகு முதல் முறையாக. 2022ல் எண்ணிக்கையிலும் முந்திவிட்டது. புதிதாக வாங்கிய இளைஞர்கள் முள் குதிக்கிறதே என்று கேட்டபோது, பழைய ஆட்கள் அதே பழைய பதிலைச் சொன்னார்கள்: சுவரில் மாட்டு.

இந்தத் தடவை அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தவில்லை. புதிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை கான்கிரீட். அறைகளைப் பிரிக்கும் சுவர்களோ உள்ளே கூடாக இருக்கும் ஜிப்சம் பலகைகள். ஒரு சட்டத்தில் இரண்டு பக்கமும் பலகை அடித்தால் அது கிட்டத்தட்ட ஒரு மத்தளம். பக்கத்து அறைக் கதவைச் சாத்தினால் அதிரும், ஸ்பீக்கர் பேஸுக்கும் அதிரும். அங்கே சுவரில் மாட்டினால் இருந்ததை விட மோசமாகும், கனமான மேஜையைப் போட்டுத் தரையில் வைப்பதுதான் சரி. அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் தாங்கியை வாங்குவதற்கு முன்னால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். 'டம் டம்' என்று கேட்டால் கடைப் பக்கமே போவதில்லை.